செருகும்போது வெடிக்காத உறை

துப்பாக்கிக்கு உறை தைக்கிறவனைத் தேடி வருகிறவர்கள் யாரும் உருவுவதில் சந்தேகம் கேட்டு வருவதில்லை. எல்லாரும் திரும்பச் செருகும்போது பட்டுவிட்டு வந்தவர்கள்தான்.

உருவும்போது மனிதனுக்குக் கண், காது, மூக்கு எல்லாம் விழித்திருக்கும். எதிரே பன்றியோ திருடனோ நிற்கிறதே! காரியம் முடிந்து 'அப்பாடா' என்று இடுப்பில் திருப்பி வைக்கிறான் பாருங்கள், அந்த அப்பாடாவில்தான் வெடிக்கும். தையல்காரர்களே, சவரம் செய்கிறவர்களே, பல் பிடுங்குகிறவர்களே, அடுத்தவர் உடம்பில் கைவைத்துப் பிழைக்கும் என் இனத்தாரே! உங்கள் வாடிக்கையாளர் அவசரப்பட்டால் ஒரு கீறலோடு போகும். என் வாடிக்கையாளர் அவசரப்பட்டால் பக்கத்தில் நிற்கிற நானும் சேர்ந்து போக வேண்டியவன்.

எழுபதுகளின் கடைசியில் சங்கரன்கோவில் தெற்கு ரத வீதியில் எனக்கு ஒரு தோல் கடை இருந்தது. பெல்ட், பை, காளைக்குச் சலங்கைப் பட்டை, இவற்றோடு ரிவால்வர் உறையும் தைத்தேன். நூலுக்கு மெழுகு தடவுவது என் வீட்டுக்காரி செண்பகம். நான் சொல்லப் போவதில் பாதியை அவள் மறுப்பாள். மீதி அவள் கண்முன்னே நடந்தது, அதனால் மறுக்க முடியாது.

தண்ணீர்ப் பானை

ஒரு நாள் காலை, சப்-இன்ஸ்பெக்டர் தங்கசாமி கடைக்குள் வந்து உட்கார்ந்தார். மதுரைப் பக்கத்து ஆள், கல்யாணமாகிச் சில மாதம்தான். எந்த ஸ்டேஷன் என்று கேட்காதீர்கள். நம்ம ஊர் ஸ்டேஷன் இல்லை, அது போதும். ஸ்டேஷனில் உட்கார்ந்து ரிவால்வரைத் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறார். வாசலில் பெரிய அதிகாரியின் ஜீப் சத்தம். உடனே துப்பாக்கியை உறைக்குள் திணித்துக்கொண்டு சல்யூட் அடிக்க எழுந்திருக்கிறார். துப்பாக்கி உள்ளே போயிற்று, விசையைச் சுற்றியிருக்கிற வளையத்துக்குள் மாட்டியிருந்த ஆள்காட்டி விரல் வெளியே வர மறந்துவிட்டது. உறையின் வாய் விரலைத் தடுக்க, விரல் விசையை இழுக்க, டுமீல்! குண்டு சிமெண்டுத் தரையில் பட்டு எகிறி, மூலையில் இருந்த தண்ணீர்ப் பானைக்குள் புகுந்தது. தண்ணீர் மூன்று பக்கமும் பீறிட்டதாகக் கூடவே இருந்த ஏட்டையா சத்தியம் செய்தார். போலீஸ்காரர் சத்தியம் என்பதால் இரண்டு பக்கம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பக்கத் தண்ணீர் நேராக அதிகாரியின் ஷூவுக்குள் போனது மட்டும் நிச்சயம்.

"இன்னொரு தடவை உன் இடுப்புல சத்தம் கேட்டுச்சுன்னா, பெல்ட்டைக் கழட்டி மேஜைமேல வச்சிட்டு ஊருக்கு பஸ் ஏறிரு" என்று அதிகாரி சொல்லிவிட்டாராம். அதிலிருந்து தங்கசாமிக்கு உறையைத் தொட்டாலே கை நடுங்குகிறது. நம்ம கோயில் ஆடித் தபசுத் திருவிழா வருகிறது. லட்சம் பேர் கூடுகிற இடத்தில் குண்டு போட்ட துப்பாக்கியோடு பந்தோபஸ்துக்கு நிற்க வேண்டும், டூட்டி போட்டாயிற்று. "செருகும்போது வெடிக்காத உறையாத் தைங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். வேலைக்குப் பயப்படாதீர்கள் என்று நான் ஏதோ ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். அவர் தலையை ஆட்டினார்.

"வேலை போனா ஊருக்குப் போயிருவேன் அண்ணாச்சி. தபசுல பானை இல்ல, பிள்ளைங்க நிக்கும். ஒரு பிள்ளை மேல பட்டுட்டா நான் எங்க போவேன்?"

பண்ணையார் வேட்டி

தங்கசாமியின் ரிவால்வருக்கு நான் அளவெடுத்துக்கொண்டிருக்கும்போதே வாசுதேவநல்லூர்ப் பக்கத்துப் பண்ணையார் ஒருவர் வில்வண்டியில் வந்து இறங்கினார். லைசென்ஸ் ரிவால்வர் வைத்திருக்கிறவர். கையில் ஒரு துணிப் பொட்டலம். பிரித்து உதறினார். எட்டு முழ வேட்டி. அதன் குறுக்கே ஓரத்திலிருந்து ஓரம்வரை, கோலத்துக்குப் புள்ளி வைத்த மாதிரி வரிசையாக ஓட்டைகள். எத்தனை பேர் சுட்டார்கள் என்று கேட்டேன். ஒரே குண்டுதானாம். வேட்டியை மடித்துக் கட்டியிருந்திருக்கிறார். மடிப்பு மடிப்பாகத் துளைத்துக்கொண்டு போய்க் காலடி மண்ணில் புதைந்திருக்கிறது. செண்பகம் வேட்டியை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். சல்லடை போல வெயில் விழுந்தது. தங்கசாமி எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

நடந்தது இதுதான். வேட்டிக்கு மேல் அகலப் பெல்ட், பெல்ட்டில் உறை. மடித்துக் கட்டிய வேட்டியின் நுனி உறை வாயில் கிடந்திருக்கிறது. துப்பாக்கியோடு அதுவும் உள்ளே போய் விசையில் சுற்றிக்கொண்டது. அழுத்த அழுத்தத் துணி இறுகி, விசையை அதுவே இழுத்துவிட்டது. குனிந்து ஒரு பார்வை பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் பண்ணையாரின் தொப்பைக்கு அவர் தம் இடுப்பைப் பார்த்தே வருஷக்கணக்கில் ஆகியிருக்கும். பெல்ட்டைக் கழற்றி மேஜைமேல் வைத்து, துப்பாக்கி வாயைச் சுவருக்குக் காட்டி, உறைக்குள் போட்டு, பட்டனை மாட்டிய பிறகு இடுப்பில் கட்டிக்கொள்ளுங்கள் என்றேன். சம்மதித்தார். போகும்போது வேட்டியை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டே சொன்னார்:

"வேட்டியில விழுந்த ஓட்டை கெடக்கட்டும் வே. உள்ள இருக்க ஆளுக்கு ஒண்ணும் ஆகலன்னு சொன்னா எங்க வீட்டுல நம்ப மாட்டேங்கா."

எண்ணெய் குடித்த உறை

அடுத்த வாரம் தங்கசாமி உறை எந்த மட்டில் இருக்கிறது என்று பார்க்க வந்திருந்தார். அந்த நேரத்தில் கடையநல்லூர் ராவுத்தர் வந்து சேர்ந்தார். மலையடிவாரத்தில் எலுமிச்சைத் தோட்டம், கரடித் தொல்லை, அதற்காக ஒரு ரிவால்வர். தம் பழைய உறையை எடுத்து வைத்தார். தோல் மினுமினுவென்று என்னமாய் இருந்தது தெரியுமா! வாரா வாரம் நல்லெண்ணெய் தடவி வெயிலில் வைப்பாராம், மழையில் பாழாகிவிடக்கூடாதே என்று. பெற்ற பிள்ளைக்குக்கூட அந்த எண்ணெய்க் குளிப்பு நடந்திருக்காது. எண்ணெய் குடித்த தோல் வதங்கின வாழை இலை மாதிரி துவண்டு கிடந்தது. துப்பாக்கியை உருவினால் உறையின் வாய் ஒட்டிக்கொண்டு மூடிவிடும். திரும்பச் செருகினால் உதடு உள்ளே மடிந்து, துப்பாக்கியோடு போய் விசை வளையத்துக்குள் நுழையும்.

"எத்தனை தடவை வெடிச்சுது பாய்?" என்று கேட்டேன். "வெடிக்கல அண்ணாச்சி" என்றார். ஒவ்வொரு தடவையும் நுனியில் தடுத்திருக்கிறது. இவர் வெளியே இழுத்து, மறுபடி அமுக்கி, மறுபடி இழுத்து, இப்படியே ஓட்டியிருக்கிறார். தங்கசாமி பெஞ்சிலிருந்து எழுந்து, "தடுத்தா அமுக்கவே கூடாது பாய்! அப்படியே வெளிய எடுத்து என்னன்னு பாக்கணும்" என்று கத்தினார். கத்திய பிறகுதான் அவருக்கே தான் சொன்னது காதில் விழுந்தது போலும்; அப்படியே உட்கார்ந்துவிட்டார். ராவுத்தர் மெழுகு தேய்த்த புது உறைக்கு அளவு கொடுத்துவிட்டு, எண்ணெய் உறையைத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டு சொன்னார்:

"இத்தனை நாளும் அல்லா காப்பாத்திட்டான். அதுக்காக எப்பப் பார்த்தாலும் இந்த ஒரே வேலையை அவன்கிட்ட குடுத்துக்கிட்டே இருக்கலாமா, சொல்லுங்க?"

டீ ஒன்று, சாவு பல

தங்கசாமிக்கு நான் தைத்தது கெட்டித் தோல் உறை. தோலை ஊறவைத்து, வாகை மரத்தில் ரிவால்வர் மாதிரியே செதுக்கி வைத்திருந்த கட்டைமேல் இழுத்துப் பிடித்துக் காயவைத்தேன். வாயைச் சுற்றி இன்னொரு பட்டை. துப்பாக்கி இல்லாதபோதும் உறையின் வாய் குருவிக்குஞ்சு வாய் மாதிரி திறந்தே நிற்கும். விசை வளையம் முழுக்க உள்ளே மறைந்துவிடும். மூடுகிற வார் தொங்கி உள்ளே விழாமல் வெளிப்பக்கம் ஒரு பட்டனில் ஒதுங்கிக்கொள்ளும். எல்லாம் சரி, விரலை என்ன செய்வது? விரலுக்கு உறை தைக்க முடியாதே.

அதனால் தங்கசாமி டூட்டி இல்லாத நேரமெல்லாம் கடைக்கு வந்து அந்த மரக்கட்டையை உருவுவதும் செருகுவதுமாக இருந்தார். செண்பகம் மெழுகு தடவிக்கொண்டே ஓரக்கண்ணால் பார்ப்பாள். விரல் வளையத்துக்குள் இருந்தால், "டுமீல்!" அவசரப்பட்டால், "டுமீல்!" துப்பாக்கிப் பிடியில் கட்டுகிற கயிறு உறை வாயில் கிடந்தால், "டுமீல்!" நான் பேச்சுக் கொடுத்து அவர் என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே செருகினால், "ரெண்டு பேருக்கும் டுமீல்!" போலீஸ்காரரைப் பார்த்து ஒரு பொம்பளை இப்படிக் கத்துகிறாளே என்று தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். தங்கசாமி கோபித்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு டுமீலுக்கும் கட்டையை வெளியே எடுத்து, விரலை நீட்டி, மறுபடியும் தொடங்குவார்.

பிறகு அவரே ஒன்று கண்டுபிடித்தார். குண்டுகளை எடுத்துவிட்டுத் தம் நிஜ ரிவால்வரை வைத்துக்கொண்டு விசையை மெல்ல அழுத்திப் பார்த்தார். அழுத்தும்போதே பின்னால் இருக்கிற, குண்டைக் கொத்துகிற குதிரை எழும்புகிறது. "அண்ணாச்சி, செருகும்போது கட்டைவிரலைக் குதிரைமேல வச்சுக்கிட்டா? எது உள்ள மாட்டினாலும் குதிரை எழும்பும். என் விரலுக்குத் தெரிஞ்சுரும்!" என்றார். ஆள்காட்டி விரல் நேராக, கட்டைவிரல் குதிரைமேல், இடது கை சட்டையையும் கயிற்றையும் ஒதுக்க, கண் உறைக்குள். மெதுவாக, மெதுவாக உள்ளே போயிற்று. செண்பகத்தின் வாயிலிருந்து சத்தம் வரவில்லை. தொட்டிலில் பிள்ளையைக் கிடத்துகிற மாதிரி ஒரு கை போவதை அன்றைக்குத்தான் பார்த்தேன். தெருவே மூச்சை அடக்கிக்கொண்டு நின்றதாக நான் சொன்னால், எதிர்க் கடையில் எண்ணெய்ச் சட்டி கொதித்துக்கொண்டுதான் இருந்தது என்று செண்பகம் சொல்வாள். சட்டியும் அடங்கித்தான் கொதித்தது. எதிர் டீக்கடை மாஸ்டர் கிளாஸை எடுக்க வந்தவர் சொன்னார்:

"காலையிலேருந்து சாரு எத்தனை தடவை செத்துப் பொழச்சிட்டாரு! டீ மட்டும் ஒண்ணுதான் குடிச்சிருக்காரு."

ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம்

தபசுக்கு முந்தின நாள் தங்கசாமி கலவரத்தோடு வந்தார். குண்டெல்லாம் எடுத்துவிட்டு வீட்டில் செருகிப் பார்த்திருக்கிறார். துப்பாக்கி முக்கால்வாசி போய் நின்றுவிடுகிறது. விசை வளையம் வெளியே தெரிகிறது, வார் எட்டமாட்டேன் என்கிறது. "தோல் சுருங்கிருச்சா அண்ணாச்சி?" என்றார். என் தோல் சுருங்குவதாவது! எனக்கு மானம் போயிற்று. மரக்கட்டையை எடுத்து உறைக்குள் விட்டுப் பார்த்தேன். உண்மையாகவே நின்றது. வீம்புக்கு ஒரு அமுக்கு அமுக்கப் போனேன்.

"ஏய்ங்க, கையை எடுங்க! தடுத்தா அமுக்கக் கூடாதுன்னு சாரு அன்னைக்கு அந்தக் கத்து கத்தினாரே" என்று செண்பகம் உறையைப் பிடுங்கித் தலைகீழாகத் தட்டினாள். உள்ளேயிருந்து காகிதப் பொட்டலம் ஒன்று விழுந்தது. நம்ம கோயில் புற்று மண். அதன் பின்னால் தகட்டில் செய்த குட்டிப் பாம்பு ஒன்று டிங்கென்று விழுந்தது, விஷக்கடி வராமலிருக்க உண்டியலில் போடுகிறார்களே, அதே உரு. தங்கசாமியின் மனைவி கோயிலுக்குப் போய், "இவர் துப்பாக்கி அடங்கியிருக்கணும் தாயே" என்று வேண்டிக்கொண்டு, பாதி நேர்த்திக்கடனை உண்டியலிலும் பாதியை உறையிலும் செலுத்தியிருக்கிறாள். அந்தத் தகட்டுப் பாம்பின் வால் கொக்கி மாதிரி வளைந்திருந்தது. நிஜத் துப்பாக்கியில், குண்டோடு, நாளைக்கு, விசைக்குப் பக்கத்தில் அந்த வால் என்று நினைத்துப் பார்த்தேன். எனக்கும் ஒரு டம்ளர் தண்ணீர் தேவைப்பட்டது. செண்பகம் புற்று மண்ணை எடுத்துக் கண்ணில் ஒற்றி, ஒரு சிட்டிகையை அவர் நெற்றியில் இட்டுவிட்டு, பாம்பை அவர் சட்டைப் பையில் போட்டாள்.

"சாமி நெத்தியில இருக்கட்டும் சார். உறைக்குள்ள துப்பாக்கி மட்டும் இருக்கட்டும். ஒரே வீட்டுல ரெண்டு குடித்தனம் வச்சா சண்டைதான் வரும்."

சூறை

நான் அளப்பவன் என்று ஊருக்கே தெரியும். இதை மட்டும் அளக்காமல் சொல்லுதேன்.

ஆடித் தபசன்று சாமி அம்பாளுக்குக் காட்சி கொடுக்கிற நேரத்தில், கரிசல்காட்டுச் சம்சாரிகள் தங்கள் காட்டில் விளைந்த பருத்தி, மிளகாய் வத்தல், சோளம் எல்லாவற்றையும் மேலே பார்த்து வீசுவார்கள். சூறை விடுவது என்று பெயர். வானம் தெரியாது, வெள்ளையும் சிவப்பும்தான் தெரியும். எங்கள் கடைப் படிக்குக் கீழே தங்கசாமி நின்றார். படியில் நானும் செண்பகமும். படியைச் சுற்றிலும் தாய்மார்களும் பிள்ளைகளும்.

சூறை உச்சத்தில் இருக்கும்போது, "ஏலே வெறிநாய்! வெறிநாய்!" என்று ஒரு சத்தம். வாயில் நுரையோடு ஒரு கறுப்பு நாய் சந்திலிருந்து வந்துவிட்டது. கூட்டம் அப்படியே பின்னால் சரிந்தது. ஒருவர்மேல் ஒருவர் விழுந்தால் நாய் கடிக்கவே வேண்டாம். தங்கசாமி குறுக்கே பாய்ந்து நின்று ரிவால்வரை உருவினார். குதிரையைக் கட்டைவிரலால் இழுத்துவிட்டார். நாய்க்குப் பின்னால் பிள்ளைகள். அவர் சுடவில்லை. ஆனால் அவர் நின்ற நிலையைப் பார்த்துக் கூட்டம் சரிவதை நிறுத்தியது. அதற்குள் கரிவலம்வந்தநல்லூர்ச் சம்சாரி ஒருவர் பருத்தி கொண்டுவந்த சாக்கை நாயின்மேல் கவிழ்த்து அமுக்கிவிட்டார். அப்பாடா!

அந்த அப்பாடாவை நான் முதலிலேயே சொன்னேன். ஜனங்கள் குலவை போட்டுக்கொண்டு தங்கசாமியை நோக்கி ஓடி வருகிறார்கள். குதிரை இழுபட்ட துப்பாக்கி கையில் இருக்கிறது; விசையில் ஒரு தூசு பட்டால் போதும். அதே நேரத்தில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வருகிறார், ஷூ நனைந்த அந்த அதிகாரி! வந்து நேரே எதிரில் நின்றுவிட்டார். சல்யூட் அடிக்க வேண்டிய வலது கையில் துப்பாக்கி. அவசரமாகத் திணித்துவிட்டுக் கையைத் தூக்க வேண்டும் என்றுதான் போலீஸ் ரத்தத்தில் ஊறிய எவனுக்கும் தோன்றும். செண்பகம் என் முழங்கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டாள். அவள் வாய் 'டு' என்று குவிந்திருந்தது.

"எல்லாரும் தள்ளி நில்லுங்க" என்றார் தங்கசாமி. சத்தம் போடவில்லை. தள்ளி நின்றார்கள். அதிகாரிக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். பந்தல்கால் நட்ட மிச்சம் ஒரு மணல் குவியல் கிடந்தது. துப்பாக்கி வாயை அதற்குக் காட்டினார். குதிரையைக் கட்டைவிரலால் தாங்கி, விசையைத் தொட்டு, மெல்ல மெல்ல இறக்கினார். ஆள்காட்டி விரல் வெளியே வந்து நேராக நீண்டது. இடது கை கயிற்றை ஒதுக்கியது. பிறகு குனிந்து உறைக்குள் பார்த்தார்.

பார்த்தவர் அப்படியே நின்றார். பின்னாலிருந்து, "என்னய்யா, சல்யூட் எங்க?" என்றார் அதிகாரி. "துப்பாக்கி வீட்டுக்குள்ள போகட்டும் சார்" என்றார் தங்கசாமி, திரும்பாமலே. அடுத்த பஸ் ஊருக்குத்தான் என்று நான் நினைத்துக்கொண்டேன். இடது கையின் இரண்டு விரலை உறைக்குள் விட்டு, நீளமான ஒரு சம்பா வத்தலைக் காம்போடு வெளியே எடுத்தார். வாய் மூடாத உறை என்று நான் பெருமையடித்த உறை, சூறையில் வந்ததை வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறது! அந்தக் காம்பு விசைக்குள் போயிருந்தால், சுற்றி நின்ற பிள்ளைகள், ஐயோ. மறுபடியும் குனிந்து பார்த்தார். ஒரு துணுக்குப் பஞ்சு. அதையும் எடுத்தார். கட்டைவிரலைக் குதிரைமேல் வைத்தார். அந்தக் கூட்டத்தில், அந்த மேளத்தில், அந்தச் சூறையில், அந்தக் கை துளி நடுக்கமில்லாமல் இறங்கியது. சாமி காட்சி கொடுத்ததை அன்று நான் பார்க்கவில்லை. பார்க்காத குறையும் எனக்கு இல்லை.

பட்டனை மாட்டிய பிறகு திரும்பி, விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். இடது கையில் வத்தல் அப்படியே இருந்தது. அதிகாரி வத்தலைப் பார்த்தார். பிள்ளைகளைப் பார்த்தார். உறையைப் பார்த்தார். பிறகு குதிகாலைச் சேர்த்து, ஒரு மந்திரிக்கு அடிக்கிற மாதிரி, அந்தச் சப்-இன்ஸ்பெக்டருக்குத் திருப்பி அடித்துவிட்டுச் சொன்னார்:

"சல்யூட் பிந்தி வரட்டும்யா, குத்தமில்ல. குண்டு முந்தி வர்றதுதான் எனக்கு ஆகாது."

நான் தைத்த உறை எதுவும் வெடித்ததில்லை என்று மார்தட்டிக்கொள்ளலாம்தான், ஆனால் அவற்றை வாங்கின போலீஸ்காரர்கள் யாரும் அதற்குப் பிறகு ஒரு சல்யூட்டுக்கும் நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை என்பதையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டியிருக்கிறது.